பைன் லேசு, யூகலிப்டஸ் கனம்: ஏன்?
கொடைக்கானல் மலையில் பைன், யூகலிப்டஸ், வாட்டில் என மூன்று வெளிநாட்டு மரங்கள் தோப்பு தோப்பாக நிற்கின்றன. நன்றாகக் காய்ந்த, ஒரே அளவுக் கட்டைகளைத் தூக்கிப் பார்த்தால் பைன் கைக்கு லேசு. மற்ற இரண்டும் கனக்கும். சரக்கு வேறா என்றால், இல்லை. எந்த மரமானாலும் அதன் செல்சுவர் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம்தான். கருங்காலிக்கும் முருங்கைக்கும்கூட இதே கணக்கு. சுவருக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் என்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் நீர்க்குழாய் பெருத்த மரம்தானே லேசாக இருக்க வேண்டும்? யூகலிப்டஸ் கட்டையின் குறுக்குவெட்டைக் கூரான கத்தியால் சீவி, லென்ஸில் பாருங்கள்: ஊசியால் குத்தியதுபோலத் துளைகள். பைனில் நீர்க்குழாயே கிடையாது, அங்கங்கே பிசின் போகும் வழி மட்டும். ஆனாலும் அதுதான் லேசு. எடையைத் தீர்மானிப்பது துளைகளைவிட, அவற்றுக்கு இடையே நெருங்கிக் கிடக்கும் நார்ச்செல்கள். யூகலிப்டஸ் நீரேற்றும் வேலையைக் குழாய்களிடமும், தாங்கும் வேலையைத் தடித்த சுவருள்ள நார்களிடமும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பைனில் இரண்டையும் ஒரே வகைச் செல் செய்வதால் நடுவே நீருக்கு இடம் விட்டாக வேண்டும்.

வேகமாக வளர்ந்த மரம் சோடை என்பார்கள். பாதிதான் உண்மை. ஐரோப்பிய ஓக் வேகமாக வளர்ந்தால் கனம் கூடவே செய்யும்: ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் வரும் பெருங்குழாய் வரிசை அதிகம் அகலாது, கூடுவது பெரும்பாலும் நார்ப்பகுதி. தோட்ட மரங்களில் வேகத்தைவிட வயதைத்தான் நான் சந்தேகிப்பேன். நடுத்தண்டை ஒட்டி இளமையில் உருவாகும் கட்டையில் பெரும்பாலும் செல்சுவர் மெல்லியது. சீக்கிரம் வெட்டினால் அதன் பங்கே அதிகம்.