சின்ன வீட்டுக்கு சென்ட்ரல் ஏசியா? பில்லை முதலில் கேளுங்கள்

கத்தரி வெயில் தொடங்கியதும் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் கடைத்தெருக்களில் ஏசிப் பெட்டிகள் நடைபாதைவரை வந்துவிடுகின்றன. ஆடி பிறப்பதற்குள் அவற்றைப் பற்றிய புகார்களும் வந்துவிடுகின்றன. குளிரவில்லை, தண்ணீர் சொட்டுகிறது, மெக்கானிக் வருவதாகச் சொல்லி வரவில்லை, கரண்ட் பில் இரண்டு மடங்காகிவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பில் எங்கே?" சட்டைப்பையிலிருந்து அவர்கள் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் பில்லாகவே இருப்பதில்லை. மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சாகியிருக்கும். ஜிஎஸ்டி எண் இருக்காது. மாடல் எண் இருக்க வேண்டிய இடத்தில் '1.5 டன் ஏசி - 1' என்று பேனாவால் கிறுக்கியிருக்கும். அந்தத் தாளை நம்பி நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்திருப்பார்கள்.

குளிர்கிறதா என்று கடையில் கையை நீட்டிப் பார்க்கிறோம். கையில் கொடுத்த தாளை வீட்டுக்கு வந்த பிறகும் பார்ப்பதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

சென்ட்ரல் ஏசி யாருக்கு?

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து ஊரில் 700, 800 சதுர அடியில் வீடு கட்டுகிறவர்கள் ஆசைப்பட்டுக் கேட்பது சென்ட்ரல் ஏசி. "பட்ஜெட்டிலேயே முடித்துவிடலாம் சார்" என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. அந்த அளவு வீட்டுக்கு அது வேண்டாம். காற்றுக்குழாய் போக ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டும். பத்தடி உயர அறை இன்னும் தாழ்ந்துபோகும். நம் பக்கத்து ஈரக்காற்றில் குழாயின் மேலுறை எங்காவது கிழிந்தால் அந்த இடத்தில் வியர்த்து, சீலிங்கில் கறை படியும். எலி புகுந்தால் தனிக் கதை. இரவில் ஆள் படுப்பது ஓர் அறையில். குளிர்வதோ வீடு முழுவதும்.

ஒரே வெளி யூனிட்டில் இரண்டு மூன்று அறைகளை இணைக்கும் மல்டி ஸ்பிளிட் என்று இன்னொன்றும் இருக்கிறது. வெளிச்சுவரில் இடமே இல்லாத வீட்டுக்கு அது உதவும். ஆனால் அந்த ஒரு யூனிட் பழுதானால் எல்லா அறையும் புழுங்கும். அதன் உதிரிபாகமும் பழுது பார்க்கும் ஆளும் உள்ளூரிலேயே கிடைப்பார்களா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சின்ன வீட்டுக்குப் படுக்கை அறையில் ஓர் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் போதும். 120 சதுர அடிவரை 1 டன், அதற்கு மேல் 180 வரை 1.5 டன் என்பது பொதுக்கணக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்; அதற்கு முன்னால் மாடியில் வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடிக்க முடியுமா என்று பாருங்கள், செலவு குறைவு. 'பெரிசா வாங்கினால் சீக்கிரம் குளிரும்' என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு 2 டன் வாங்காதீர்கள். அது சட்டென்று குளிர்வித்து ஓட்டத்தைக் குறைத்துவிடும். காற்றிலுள்ள ஈரம் முழுதாக வடியாது. உடம்பு சில்லிடும், பிசுபிசுப்பு போகாது.

'1 டன்' என்ற எழுத்தை நம்பாமல் ஸ்டார் லேபிளில் குளிர்விக்கும் திறன் எத்தனை வாட் என்று பாருங்கள். ஒரு டன் என்றால் ஏறத்தாழ 3,500 வாட். லேபிளில் இருக்கும் ஆண்டையும் பாருங்கள். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய சரக்கின் 5 ஸ்டாரும் புதிய சரக்கின் 5 ஸ்டாரும் ஒன்றல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த 18 பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும். எஸ்டிமேட் சீட்டில் அதை எங்கே தேடுவீர்கள்?

மின்வாரியத்துக்குச் சொன்னீர்களா?

ஏசி மாட்டிய பிறகும் மின்வாரியத்தில் பதிவான லோடு பழையபடியே இருக்கும் வீடுகள் எக்கச்சக்கம். உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று பாருங்கள். 1.5 டன் ஏசி மட்டுமே சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அனுமதியைத் தாண்டினால் உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடமோ, தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலோ கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பியுங்கள். சர்வீஸ் நம்பர், அடையாள அட்டை, சொத்து வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கட்டணத்தை அலுவலகக் கவுன்ட்டரிலோ ஆன்லைனிலோ மட்டும் கட்டுங்கள், ரசீதோடு. "நான் பார்த்துக்கிறேன், கையில குடுங்க" என்கிற யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசியில் இருக்கும் வீடுகளில் குறுவைக்கு நாற்று விடும் நாட்களில் வோல்டேஜ் விழும். ஜூன் 12 மேட்டூர் திறப்பைக் கணக்கு வைத்துப் பம்புசெட்டுகள் ஓடும் அதே மாதங்களில்தான் ஏசியும் ஓடுகிறது. வோல்டேஜ் இல்லை என்று புகார் கொடுக்கப் போனால் அதிகாரி முதலில் கேட்பது உங்கள் லோடைத்தான். பதிவே இல்லாத ஏசிக்காக நீங்கள் எப்படி வாதாடுவீர்கள்? அவர்களுக்கோ டிரான்ஸ்பார்மரைத் தரம் உயர்த்தாமல் காலம் தள்ள அது நல்ல சாக்கு.

வாங்குவதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் வோல்டேஜ் அளந்து பாருங்கள். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், எத்தனை வோல்டிலிருந்து எத்தனை வரை என்பதும் அதன் கையேட்டில் இருக்கும். உங்கள் வீட்டு அளவு அதற்கு வெளியே போனால் ஸ்டெபிலைசர் தேவைதான்.

கரண்ட் பில் கணக்கையும் வாங்குவதற்கு முன்பே போட்டுவிடலாம். லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. லேபிளில் 800 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரம் வீதம் இரண்டு மாதம் ஓட்டினால் 480 மணி நேரம். அதாவது சுமார் 240 யூனிட். ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீடு 540-ஐத் தொடும். 2024 ஜூலைக் கட்டண அட்டவணையில் இரு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த சலுகை விலை போய்விடும். 500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். மீட்டரில் கோளாறு என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் சேர்த்து ஓட்டினாலே யூனிட் குறையும்.

மாட்டுகிற நாள்

அன்று வீட்டில் ஒருவர் கண்டிப்பாகக் கூடவே நிற்க வேண்டும். குழாயை இணைத்ததும் வேக்கம் பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்களா என்று பாருங்கள். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடும் குறுக்குவழியை அனுமதிக்காதீர்கள். இப்போது பரவலாக வரும் ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது; தெரியாத ஆளிடம் விளையாட விடக்கூடாது. ஏசிக்குத் தனி வயர், தனி எம்சிபி, சரியான எர்த் இல்லாமல் சுவிட்சைப் போட விடாதீர்கள். பெட்டியோடு வரும் குழாயின் நீளம் எவ்வளவு, கூடுதல் அடிக்கு என்ன விலை என்பதைக் கடையிலேயே எழுதி வாங்குங்கள். மாட்ட வந்தவர் ஏணியில் நின்றுகொண்டு விலை சொல்லும்போது நீங்கள் பேரம் பேச முடியாது.

மாட்டிய பிறகும் கவனம் வேண்டும். அறுவடைக் காலத்தில் வயலோரத்து வீடுகளில் வெளி யூனிட்டின் பின்புறத்தைப் போய்ப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் பதரும் வைக்கோல் தூசும் கம்பளி போர்த்தியதுபோல் அப்பிக்கொண்டிருக்கும். மூச்சு முட்டிய யூனிட் குளிர்விக்காது. மெக்கானிக் வந்து "கேஸ் தீர்ந்துபோச்சு" என்பார். இதை நன்றாக மனதில் வையுங்கள்: ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தைக் காட்டி அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பச் சம்மதித்தால் அடுத்த கோடையில் அதே காசை மறுபடி அழுவீர்கள். வெளி யூனிட்டுக்குள் பல்லி புகுந்து போர்டு எரிவதும் இங்கே சாதாரணம். அது வாரண்டியில் வருமா என்று வாங்கும்போதே கேளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் '10 வருட வாரண்டி' பெரும்பாலும் கம்பரசருக்கு மட்டும். மற்ற பாகங்களுக்கு எத்தனை வருடம் என்பது சின்ன எழுத்தில் இருக்கும்.

பழுதானால் எங்கே போவது?

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் தராமலிருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தும் வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலமே குறிப்பிடவில்லையென்றால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் சட்டம் செல்லாமல் போய்விடாது.

முதலில், கம்பெனியின் சேவை எண்ணில் புகார் பதிந்து, வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வையுங்கள். மெக்கானிக் வந்தால் ஜாப் ஷீட் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போனது எதுவும் சாட்சி ஆகாது.

இரண்டாவது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். நம்மவர்கள் இதைக்கூடச் செய்யாமல் கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள்.

மூன்றாவது, கடைக்காரர், கம்பெனி இருவருக்கும் எழுத்தில் ஒரு நோட்டீஸ். வாங்கிய தேதி, மாடல் எண், உள் யூனிட், வெளி யூனிட் இரண்டின் வரிசை எண்கள், புகார் எண்கள், நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள் என்று எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் இருக்கிறது. கம்பெனியின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். புகார் மனு, பிரமாணப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், நோட்டீஸ் நகல், பட்டுவாடாச் சான்று, அடையாள அட்டை இவ்வளவும் வேண்டும். எதிர்தரப்பாகக் கடை, கம்பெனி இரண்டையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அங்கே தள்ளுவார். கெடு இரண்டு ஆண்டு. 'போன கோடையில பார்த்துக்கலாம்னு விட்டேன், இந்தக் கோடையும் போச்சு' என்று வருகிறவர்களுக்கு வழி குறுகிவிடுகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். அதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

வோல்டேஜ் பிரச்சினைக்குப் பாதை வேறு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து அதன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உதவிப் பொறியாளருக்கு எழுத்துமூலம் மனு. இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். அடுத்து, மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அதன் தீர்ப்பிலும் குறை இருந்தால் சென்னையில் மின்சாரக் குறைதீர்ப்பாளர். செயற்பொறியாளர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போய்ப் பேசிவிட்டு வருவதால் பயனில்லை. மனுவும் அதற்கு ஓர் எண்ணும் வேண்டும்.

இத்தனை படிகளிலும் உங்களிடம் கேட்கப்போகும் முதல் தாள் அந்த ஜிஎஸ்டி பில்தான். போன வாரம் ஏசி வாங்கி, கையில் எஸ்டிமேட் சீட்டோடு இருப்பவர்கள் நாளைக் காலை கடை திறந்ததும் போய்ப் பில் கேளுங்கள். இரண்டு வரிசை எண்களும் அதில் இருக்கின்றனவா என்று கடை வாசலிலேயே நின்று சரிபாருங்கள். தர மறுத்தால் அன்றே 1915.