எலிக்குப் பலித்த மருந்து

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் வெந்நீரையும் சோப்பையும் தேடுகிறவர்கள் நாம். அந்தக் கிருமியையே உடம்புக்குள் ஏவிப் புற்று நோயைத் தீர்க்கலாம் என்றால் நம்புவோமா? 1891-ல் நியூயார்க் நகரத்து டாக்டர் வில்லியம் கோலி அதைச் செய்து பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. வேறு சிலர் அக்கிருமியாலேயே மாண்டனர்.

அதே நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலை விஞ்ஞானிகள், தீங்கற்ற இ. கோலை வகைக் கிருமி ஒன்றின் மரபணுவை மாற்றி எலிகளின் புற்றுக்கட்டிக்குள் செலுத்தினார்கள். அதன் முடிவு 2019-ல் வெளியாயிற்று. கட்டிக்குள் கிருமிகள் பெருகின. கூட்டம் போதிய அளவு சேர்ந்ததும் பெரும்பாலானவை ஒருங்கே வெடித்து மடிந்து, தம்முள் உண்டாக்கிய மருந்தைச் சொரிந்தன. எஞ்சியவை மீண்டும் பெருகின. "என்னைத் தின்னாதே" என்று உடலின் காவல் அணுக்களைத் தடுக்கப் புற்றணுக்கள் தாங்கி நிற்கும் முத்திரை ஒன்று உண்டு. அம்மருந்து அந்த முத்திரையை மறைத்துவிட்டது. கட்டிகள் கரைந்தன. அது மட்டுமா? கிருமி செலுத்தாத வேறு கட்டிகளின் வளர்ச்சியும் தளர்ந்தது!

ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. எலிகளின் கட்டியை ஒடுக்கிய சால்மொனெல்லாக் கிருமியை அமெரிக்காவில் 25 நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கேனும் கட்டி சுருங்கவில்லை என்று 2002-ல் அறிவித்தார்கள்.

ஆகவே, நோயாளி உள்ள வீட்டில் இத்தகைய செய்தியைப் படித்தால் நம்பிக்கை கொள்வோம். நடக்கும் சிகிச்சையை மட்டும் நிறுத்த வேண்டாம். "குணமானது எலிக்கா, மனிதருக்கா?" என்று முதலில் கேட்போமாக.