கண்புரை அறுவைக்கு முன் ஓர் அளவு

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்திலிருந்து முதியோரைக் கண்புரை அறுவைக்காகப் புதுச்சேரிக்கோ முண்டியம்பாக்கத்திற்கோ அழைத்துச் செல்லும் குடும்பத்தார், அறுவை நடைபெறும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றியே கவலை கொள்கின்றனர். அதற்கு முன் நடைபெறும் அளவெடுப்பைப் பற்றி எவரும் வினவுவதில்லை. பின்னர் அமையும் பார்வையோ பெரும்பாலும் அந்த அளவைப் பொறுத்ததே.

நம் பாட்டனார் காலத்தில் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தனுப்பினர். இன்று கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்துகின்றனர். 1949ஆம் ஆண்டு இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாக இவ்வாறு பொருத்தினார். வில்லையின் ஆற்றல் பொருந்தாமையால் அந்நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. ஆற்றலைக் கணக்கிட இரண்டு அளவுகள் இன்றியமையாதவை: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. 1980இல் வந்த புகழ்பெற்ற சூத்திரத்தின்படி, வளைவில் 1 டயாப்டர் பிழைத்தால் வில்லையில் 0.9 டயாப்டர் பிழைக்கும்.

வளைவை அளக்கும் கருவிக்குக் கெரட்டோமீட்டர் என்று பெயர். கருவிழி ஒரு குவியாடியைப் போன்றது. வளைவு மிகுந்தால் அதில் தோன்றும் பிம்பம் சிறுக்கும். கையால் திருகும் பழைய கருவியில், ஒளிவட்டங்களின் பிம்பங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை பரிசோதகர் குமிழைத் திருப்புவார். மையத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. அகலத்தை மட்டுமே அது அளக்கும்; கைப்பழக்கமும் பொறுமையும் வேண்டும். தானியங்கிக் கருவியோ சில நொடிகளில் எண்ணைத் தந்துவிடும். 1999இல் வந்த ஒளிவழி அளவி நீளத்தையும் வளைவையும் கண்ணைத் தொடாமலே அளக்கிறது.

புதியது வந்ததும் பழையதைக் குப்பையில் எறிந்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கிராமத்தார் புரை நன்றாக முற்றிய பின்னரே வருகின்றனர். முற்றிய புரையை ஒளி ஊடுருவாது. அப்போது நீளத்தை ஒலியலைக் கருவியால்தான் அளக்க வேண்டும். அதன் முனை கருவிழியைத் தொடுமாயின், வளைவை அதற்கு முன்னரே அளந்துவிட வேண்டும். மரப்பு மருந்தும் தொடுதலும் கண்ணீர்ப் படலத்தைக் கலைத்துவிடும். கலைந்த பரப்பில் எக்கருவியும் பொய்யே உரைக்கும்.

அண்மையில் மூதாட்டி ஒருவருடன் நாம் மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். தானியங்கி ஓர் எண்ணைக் காட்டிற்று. கைக்கருவி அதனினும் ஒரு டயாப்டருக்கு மேல் வேறுபட்டது. கண் வறண்டிருக்கிறது என்று கூறி, சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வருமாறு அனுப்பிவிட்டனர். "ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் வீணாயிற்றே!" என்று மகன் சினந்தார். அவர் சினத்தில் நியாயமில்லை என்று நம்மால் கூற இயலவில்லை.

மறுமுறை இரு கருவிகளும் கால் டயாப்டருக்குள் ஒத்துவந்தன. அறுவையும் நடந்தது. அரிசியில் கல் பொறுக்க அம்மூதாட்டிக்கு இப்போதும் கண்ணாடி வேண்டும். தெருமுனையில் வருபவர் யாரென்பதைக் கண்ணாடியின்றியே சொல்லிவிடுகிறார்.