பழைய காமிராவும் கழற்றி மாட்டும் லென்ஸும்

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுத் தலைநகருக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில், குத்துவிளக்கோடும் காப்பிக் கொட்டை அரைக்கும் இயந்திரத்தோடும் கூட வந்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் தகப்பனார் காலத்துக் காமிரா. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொடுத்த ஜப்பானியக் காமிராவாக அது இருக்கலாம். சோவியத் நாட்டு ஜெனித்தாகவும் இருக்கலாம். கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், லோதி காலனி என்று இடம் மாறி வாழ்ந்து, முடிவில் துவாரகாவின் கூட்டுறவுச் சங்க அடுக்குமாடிகளில் குடியேறிய இல்லங்களின் பரண்களில், தோல் உறைக்குள் அக்காமிராக்கள் இன்றும் உறங்குகின்றன.

வீடு மாறும்போதும், பெரியவர் ஒருவர் காலமான பின் அவருடைய பெட்டியைத் திறக்கும்போதும், இப்பொருள் கபாடிக்காரரின் தராசுக்குச் சென்றுவிடுகிறது. பித்தளையும் கண்ணாடியுமாகிய அதை அவர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். மறுபுறம், பிலிம் காமிராவின்மீது புதிதாக ஆசை கொண்ட நம் இளைஞர்கள், எதற்கும் உதவாத லென்ஸை நல்ல விலை கொடுத்து வாங்கி வருகின்றனர். இவ்விரு நஷ்டங்களும் அறியாமையால் விளைபவை. சிறிது விஷயம் தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

கழலும் லென்ஸ் எது?

எல்லாக் காமிராக்களிலும் லென்ஸ் கழலுவதில்லை. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பரவியிருந்த அக்ஃபா கிளிக் த்ரீ, மேலிருந்து குனிந்து பார்க்கும் யாஷிகா மேட், ரோலிஃப்ளெக்ஸ் ஆகியவற்றின் லென்ஸுகள் உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை. அவற்றை முறுக்கிக் கழற்ற முயல்வது காமிராவைக் கெடுப்பதேயாகும். லென்ஸ் மாற்ற இயலாது என்பதால் அவை தாழ்ந்தவையும் அல்ல. 1942 முதல் டில்லியில் வாழ்ந்து, நாடு விடுதலை பெற்ற நாட்களைப் படம் பிடித்த ஹோமாய் வியாரவாலா (1913-2012) கையாண்ட காமிராக்களுள் ரோலிஃப்ளெக்ஸும் ஒன்று.

கழலும் லென்ஸுகள் இரு வகைப்படும். ஒன்று, சீசா மூடியைப்போல் பல சுற்றுகள் திருகி மாட்டுவது. மற்றொன்று, பற்களைப் பொருத்திச் சிறிதளவே திருப்பிப் பூட்டுவது. இதை பயனெட் என்பர். திருகு வகையில் பெரும்புகழ் பெற்றது 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு. 1949-ல் கான்டாக்ஸ் எஸ் காமிராவோடு வந்த இதனைப் பிராக்டிகாவும், 1957 முதல் பென்டாக்ஸும், பிற்கால ஜெனித்துகளும் ஏற்றுக்கொண்டன. ஆகவே ஜெர்மன் லென்ஸை ஜப்பானியக் காமிராவில் தயக்கமின்றி மாட்டலாம். பயனெட் வகையிலோ ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பூட்டு. மினோல்டா 1958-லும், நிக்கான் 1959-லும், கானன் எஃப்.டி. 1971-லும், ஒலிம்பஸ் ஓ.எம். 1972-லும், பென்டாக்ஸ் கே 1975-லும் தத்தம் பூட்டோடு வந்தன. ஒன்றன் லென்ஸ் மற்றொன்றில் நேரே பொருந்தாது.

விட்டம் ஒன்று, தூரம் வேறு

வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்தில்தான். லென்ஸ் மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது; லென்ஸ் உட்காரும் முகப்பிலிருந்து பிலிம் வரையுள்ள தூரமும் ஒத்திருக்க வேண்டும். அத்தூரம் மாறினால் பிம்பம் பிலிமின்மீது விழாமல் முன்னேயோ பின்னேயோ விழும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பழைய லைக்கா காமிராக்களின் திருகு 39 மில்லிமீட்டர் விட்டமுடையது. 1950-களில் வந்த தொடக்ககால ஜெனித்தின் திருகும் அதுவே. ஆனால் லைக்காவில் முகப்புக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் 28.8 மில்லிமீட்டர். ஜெனித்தில் உள்ளே கண்ணாடி ஒன்று எழும்பி விழ வேண்டியிருப்பதால் அத்தூரம் 45.2 மில்லிமீட்டர். ஜெனித் லென்ஸை லைக்காவில் திருகினால் அழகாகவே உட்காரும். படம் மட்டும் தெளிவாக விழாது. லைக்கா லென்ஸை ஜெனித்தில் மாட்டினால் மிக அருகிலுள்ள பொருள் தெரியுமேயன்றித் தொலைவிலுள்ளது தெரியாது. "39 திருகு" என்று சொல்லி விற்பவரிடம் "எந்தக் காமிராவுக்குச் செய்தது?" என்ற கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்.

இதே கணக்கு நமக்கு நன்மையும் செய்கிறது. 42 திருகுக்கும் பென்டாக்ஸ் கே பூட்டுக்கும் தூரம் ஒன்றே, 45.46 மில்லிமீட்டர். ஆகவே மெல்லிய வளையம் ஒன்றைக் கொண்டு பழைய திருகு லென்ஸைப் புதிய பென்டாக்ஸில் மாட்டலாம். இக்காலத்துக் கண்ணாடியில்லா டிஜிட்டல் காமிராக்களில் இத்தூரம் மிகக் குறைவு. சோனியில் 18 மில்லிமீட்டர், நிக்கான் இசட்டில் 16 மில்லிமீட்டர். மீதித் தூரத்தை ஒரு குழல் வளையத்தால் நிரப்பிவிட்டால், ஏறத்தாழ எந்தப் பழைய லென்ஸையும் அவற்றில் பயன்படுத்தலாம். மாட்டுவாரற்றுக் கிடந்த லென்ஸுகளுக்கு மறுபடியும் மதிப்பு வந்ததன் காரணங்களுள் இது முதன்மையானது.

நிக்கான் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அதன் பூட்டு 1959 முதல் மாறவில்லையெனினும், 1977-ல் துவார வளையத்தின் அமைப்பு மாற்றப்பட்டது. அதற்கு முற்பட்ட, திருத்தப்படாத லென்ஸைப் பிற்காலக் காமிராக்கள் சிலவற்றில் வலிந்து மாட்டினால், உடலிலுள்ள சிறிய நெம்புகோல் ஒடிந்துபோகும்.

வாங்கும்முன் பரிசோதனை

கடைக்குச் செல்லும்போது சிறிய டார்ச் விளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் இருபுற மூடிகளையும் கழற்றி, துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து வெளிச்சம் பாய்ச்சி முன்புறம் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போலவோ வேர்கள் போலவோ தோன்றினால் அது பூஞ்சை. பனி படர்ந்தாற்போல் தோன்றினால் உள்ளே மங்கல் படிந்துள்ளது. விளிம்பில் வானவில் நிறம் காட்டினால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. இதைச் சரிசெய்வது பெரும் வேலை. இரண்டொரு தூசியும் முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறலும் படத்தைக் கெடுப்பதில்லை. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் விட்டுவிடுவதே நலம்.

அடுத்து, துவாரத்தின் தகடுகளைக் கவனியுங்கள். வளையத்தைத் திருப்பியும், பின்புற முள்ளையோ நெம்பையோ தொட்டும் பார்த்தால் அவை சட்டென்று சுருங்கி விரிய வேண்டும். எண்ணெய் கசிந்திருந்தால் சோம்பி நகரும். தூர வளையம் ஒரே சீராகச் சுழல வேண்டும். முன்விளிம்பு நசுங்கியிருந்தால் லென்ஸ் கீழே விழுந்ததென்று பொருள். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ பழகாத கை அதைத் திறந்திருக்கிறது.

பழைய பென்டாக்ஸ் லென்ஸுகளில் சில, குறிப்பாக 50 மில்லிமீட்டர், 1.4 துவாரமுள்ள டாகுமார்கள், மஞ்சள் பூத்திருக்கும். அக்கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதே காரணம். சில நாட்கள் புற ஊதா விளக்கொளியில் வைத்தால் மஞ்சள் பெரிதும் குறையும். காமிராவில் மாட்டிப் படமெடுப்பதில் அச்சமில்லை. ஆயினும் அதைப் பூதக்கண்ணாடியாகக் கண்ணோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டா. எந்த லென்ஸையும் மூடியின்றி வெயிலில் வைத்தல் கூடாது. அது கதிரைக் குவித்துத் தீ மூட்டிவிடும்.

காமிராவையும் சேர்த்து வாங்குவதாயின், பின்கதவின் ஓரத்திலுள்ள பஞ்சு தாராகக் கரைந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சை மாற்றுவது எளிது. ஆனால் மாற்றாவிடில் ஒளி கசியும். 1960-களின் ஒளிமானிகள் பல, 1.35 வோல்ட் பாதரச பாட்டரியை நம்பியவை. அவை இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 1.5 வோல்ட் பாட்டரியைப் போட்டால் மானி தவறான அளவு காட்டக்கூடும்.

எங்கே வாங்குவது, எப்படி விற்பது?

சென்னைவாசிகள் பழம்பொருள்களுக்கு மூர் மார்க்கெட்டை நாடிய காலம் ஒன்று இருந்தது. 1985-ல் அது தீக்கிரையாயிற்று. டில்லியில் காமிராவுக்கென்றே ஒரு சந்து உண்டு. சாந்தினி சௌக்கிலுள்ள குச்சா சௌத்ரி அது. துவாரகாவிலிருந்து மெட்ரோவின் நீலத் தடத்தில் ராஜீவ் சௌக் சென்று, அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறிச் சாந்தினி சௌக்கில் இறங்கினால் நடந்தே செல்லலாம். காமிரா, லென்ஸ், உதிரிப் பொருள் எல்லாம் அங்கே அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும். முதற்கடையிலேயே வாங்காமல் நான்கு கடைகளில் விசாரிப்பதும், நம்முடைய காமிராவை உடன் கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பதும் அவசியம். பில் வாங்கிக்கொண்டு, கோளாறு இருப்பின் எத்தனை நாளில் திருப்பலாம் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

விற்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, லென்ஸின் முன்வளையத்தில் பொறித்துள்ள பெயரையும் எண்களையும் எழுதிக்கொள்வது. உடலைக் காட்டிலும் லென்ஸ் அதிக விலை பெறுவதுண்டு. பிறர் கேட்கும் விலையை ஆதாரமாகக் கொள்ளாமல், அதே லென்ஸ் உண்மையில் விற்றுத் தீர்ந்த விலையை விசாரித்தறிய வேண்டும். பூஞ்சை இருந்தால் இருக்கிறதென்றே சொல்லிவிடுங்கள். குறையை மறைத்துப் பெறும் பணத்தைவிட, குறையைச் சொல்லிப் பெறும் சிறு தொகை மனத்துக்கு இதமானது. பொருள் திரும்பி வந்து வாக்குவாதமும் நேராது. உலோகம் பளபளக்க வேண்டுமென்று புளி, சாம்பல், எலுமிச்சை முதலியவற்றால் துலக்குவதும், லென்ஸை வீட்டிலேயே பிரிப்பதும் வேண்டா. எல்லாவற்றுக்கும் முன்பாக, காமிராவினுள் பிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்புறம் திருப்பும் குமிழை மெதுவாகச் சுழற்றினால் உள்ளே பிலிம் இருப்பது கைக்குத் தெரியும். இருப்பின் கதவைத் திறக்காதீர்கள். அதில் பெரியவர் எடுத்த கடைசிப் படங்கள் இருக்கலாம். முழுதும் பின்சுற்றி எடுத்து, கழுவக் கொடுத்துவிட்டு, அதற்குப் பின்னரே விற்பனையைப் பற்றி யோசியுங்கள்.

பயன்படுத்தும் விதம்

50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே ஒரு குடும்பத்துக்குப் போதுமானது. இரண்டாவது வேண்டுமெனில், பள்ளி ஆண்டு விழா மேடையில் நிற்கும் குழந்தையைக் கீழிருந்து எடுக்க 135 உதவும். சிறிய கூடத்தில் சீமந்தத்துக்குக் கூடிய உறவினர் அனைவரையும் அடக்க 28 அல்லது 35 உதவும். கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸின் நீளம் எத்தனை மில்லிமீட்டரோ விநாடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் வேண்டும். 135-க்கு 1/125 அல்லது 1/250 என்று கொள்க.

ஒளிமானி பழுதாயினும் கவலையில்லை. 100 வேகமுள்ள பிலிமில், பளீரென்ற வெயிலில், 1/125 விநாடியும் 16-ஆம் துவாரமும் வைத்தால் படம் சரியாக விழும். மெல்லிய மேகத்தில் 11, கனத்த மேகத்தில் 8 அல்லது 5.6 போதும். டில்லியின் மார்கழி மூடுபனியில் 4 வரையும் திறக்க நேரிடலாம். ஊருக்கு விமானத்தில் செல்வோர் பிலிமைப் பெரிய பெட்டியில் வைத்தனுப்பாமல் கைப்பையில் கொண்டுசென்று, கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்வது நலம். அப்பெட்டிகளைச் சோதிக்கும் கதிர்கள் கழுவாத பிலிமை மங்கச் செய்யும்.

மழைக்காலப் பாதுகாப்பு

ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் புழுக்கமே டில்லியில் லென்ஸின் சத்துரு. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை முளைக்கும். அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், காமிராவை அதிலேயே பூட்டி வைத்தல் கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலம் ஈரமானால் மாற்றுங்கள். அரிசிப் பானையில் வைக்க வேண்டா. அதன் தவிடு உள்ளே புகும். பூஞ்சை பிடித்த லென்ஸை நல்ல லென்ஸோடு சேர்த்து வைக்காதிருங்கள். மாதம் ஒரு முறையாவது எடுத்து, வளையங்களைச் சுழற்றி, வெளிச்சம் காட்டுங்கள். பயன்பாடே மிகச் சிறந்த பாதுகாப்பு.

குழந்தைகளுக்கு இவற்றின் வரலாற்றைக் காட்ட விரும்பும் பெற்றோர், அருகிலுள்ள குருகிராமுக்கு அழைத்துச் செல்லலாம். புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யாவின் முயற்சியால் 2019-ல் அங்கே மியூசியோ காமிரா என்னும் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1960-ல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, உதகமண்டலத்தின் குளிர்ந்த, தூசியற்ற காற்றில் 1967 முதல் 'இந்து' என்னும் பெயரில் பிலிம் தயாரித்தது. அவ்வாலை இன்று இயங்கவில்லை; பிலிம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு சுருளில் 36 படங்களே, விலையும் மிகுதி. ஆகவே ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுக்கும் பழக்கம் தானே வந்துவிடுகிறது.

வரும் ஞாயிறன்று பரணை ஒதுக்குவோர், தோல் உறை கண்ணில் பட்டால் கபாடிக்காரரைக் கூப்பிடுமுன் டார்ச் விளக்கைத் தேடுங்கள். லென்ஸ் தெளிவாயிருந்தால், வீட்டிலுள்ள மூத்தவரைச் சன்னலோரம் உட்காரவைத்து முதற்படத்தை எடுங்கள். அதன் பின்னும் விற்க விரும்பினால், அதன் மதிப்பை அறிந்தவர்களாக விற்பீர்கள்.