குறை கூறுதலும் குத்திப் பேசுதலும்

வாசகர்களே, உங்கள் செல்பேசி ஆண்டிராய்டு வகையைச் சேர்ந்ததா? அப்படியானால் அதனுள் இயங்குவது லினக்ஸ் என்னும் உட்கரு. பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் மென்பொருளையே உட்கரு என்கிறோம். உலகின் அதிவேகக் கணிப்பொறிகள் ஐந்நூற்றின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ் கொண்டு இயங்குபவைதாம்.

இதை எழுதியவர் ஒருவரல்லர். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். பின்னர் பல்லாயிரம் பேர் கை கொடுத்தனர். சில பழைய வானொலிப் பெட்டிகளின் உட்புறத்தில் மின்சுற்றுப் படத்தை ஒட்டியிருப்பார்கள். பழுது பார்ப்பவர் அதை வைத்துக் கோளாறைப் பிடித்துவிடுவார். அதுபோல் லினக்சின் மூலநிரலும் ஒளிவுமறைவின்றித் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தம் செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம். இத்தகையவற்றைத் திறமூல மென்பொருள் என்பர்.

அனுப்பியதெல்லாம் சேர்ந்துவிடாது. அந்தந்தப் பகுதியின் பொறுப்பாளர் வரிவரியாகப் படித்து, எல்லாரும் பார்க்கும்படியே குறை சொல்வார். முடிவாக டோர்வால்ட்ஸ் ஏற்க வேண்டும். இவ்வளவு கண்டிப்பு தேவைதானா? தேவைதான். ஒரு வரியில் நேரும் பிழை கோடிக்கணக்கான பொறிகளைச் சென்றடையும் அல்லவா?

ஆனால் கண்டிப்பு வேறு, வசை வேறு. 2012 டிசம்பரில் உட்கரு திருப்பித் தரும் பிழைக் குறியீடு ஒன்று மாறியதால் ஒலி தொடர்பான நிரல்கள் தடுமாறின. குற்றம் அந்த நிரல்கள்மீது என்று வாதாடினார் மூத்த பொறுப்பாளர் ஒருவர். வாயை மூடு என்று தொடங்கி, அச்சில் ஏற்ற முடியாத சொற்களால் அவரைப் பலரறியத் திட்டினார் டோர்வால்ட்ஸ். வியப்பு என்னவென்றால், அவர் சொன்ன கருத்து முற்றிலும் சரி! உட்கருவை மாற்றும்போது, நேற்றுவரை ஓடிய நிரல் இன்று நின்றுவிடக் கூடாது என்பது லினக்சின் தலையாய விதி.

இப்படித் திட்டியதால்தான் தரம் நிலைத்தது என்று வாதிட்டோர் உண்டு. குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். அது வாங்கும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. இழை சூடேறாமல் அதில் ஒளி வராது என்பதும் உண்மை. அதற்காக வெப்பம் இல்லாவிட்டால் வெளிச்சமே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தால் எல்.இ.டி. விளக்கு வந்திருக்குமா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் ஊசல் சோதனையில் ஒரு மாணவனுக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 940 என்று வந்தது. அதை வகுப்பில் உரக்கப் படித்துக் கேலி செய்தேன். அடுத்த வாரம் அத்தனை பேர் குறிப்பேட்டிலும் கணக்காக 980! நம் பக்கத்தில் உண்மை மதிப்பு 978-ஐ ஒட்டியது. பாடநூலில் கண்ட எண்ணை அப்படியே எழுதிவிட்டார்கள். 940 எப்படி வந்தது, நூலின் நீளத்தை அளந்ததில் பிழையா, அலைவுகளை எண்ணியதில் பிழையா என்று கண்டறியும் வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன். சம்பளமும் வருகைப்பதிவும் கட்டிப்போடாத தன்னார்வலர் என்றால் பொய்யெழுதக்கூட நிற்கமாட்டார், போய்விடுவார். அவர் கண்ட பிழையும் அவரோடு போய்விடும்.

லினக்ஸ் குழுவில் 2015-இல் ஒரு சிறு நெறிக்குறிப்பு வந்தது. பெரிதாகப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. 2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ், தாம் மனிதர்களைத் தாக்கி எழுதியது தகாதது என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகச் சொல்லி விலகியிருந்தார். அந்நாளிலேயே விரிவான நடத்தை விதிகளும் வந்தன. அக்டோபரில் 4.19-ஆம் பதிப்பைக் கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட, டோர்வால்ட்ஸ் திரும்பினார். இன்றும் அவர் கடுமையாகவே மறுப்பதுண்டு, பெரும்பாலும் நிரலை.

விதிகள் வந்ததும் எல்லாம் சீராகிவிடவில்லை. 2024 நவம்பரில், தகவல்களைச் சேமிக்கும் பகுதி ஒன்றை எழுதியவர் சக நிரலாளரை வசைபாடியதற்காக, 6.13-ஆம் பதிப்பில் அவருடைய திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. அந்தப் பகுதியை நம்பியிருந்த பயனர்களும் அதனால் காத்திருக்க நேர்ந்தது. அவர்கள் யாரையும் திட்டவில்லை.