நோவ்கோரோதுக்குள் நுழைய ஒரு சேற்றுக்குழி

வேலிக்கு அந்தப் பக்கம் போக அனுமதி கிடைத்துவிட்டது, வாருங்கள்! ரஷ்யாவின் வடமேற்கே, வோல்கவ் ஆற்றங்கரையில் இருக்கிறது வெலீக்கி நோவ்கோரோத். வருகிறவர்கள் செங்கல் கோட்டையையும், அதற்குள் 1045 முதல் 1050 வரை கட்டிய புனித சோஃபியா பேராலயத்தையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோட்டை எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் பார்க்கலாம். இந்த ஊரோடு பழக வேண்டுமென்றால் முதலில் த்ரோயித்ஸ்கி அகழாய்வுக் குழிக்குத்தான் போக வேண்டும். 1973-இல் தொடங்கிய களம் இது. மற்றவர்கள் மேலே நின்று எட்டிப் பார்க்க, நாம் ஏணியில் இறங்குகிறோம்.

இறங்கினால் முதலில் வருவது வாசனைதான். ஈர மரம், சாணம், அழுகிய இலை எல்லாம் கலந்து ஒரு நெடி. பம்பு ஓயாமல் தண்ணீரை இறைக்கிறது. வாளிகள், கிழிந்த கையுறைகள், தேநீர் பிளாஸ்குகள், யாரோ கழற்றிப் போட்ட ஒற்றை ரப்பர் பூட்ஸ். மாணவர்கள் முழங்கால்வரை சேறாக, கொசுவை அடித்துக்கொண்டே மண்ணைச் சீவுகிறார்கள். கொசு கடித்த கன்னத்தைச் சேற்றுக் கையால் சொறிந்துகொண்ட ஒருத்தியைப் பார்த்து, “உனக்குப் பதினோராம் நூற்றாண்டு மீசை முளைத்திருக்கிறது” என்கிறான் பக்கத்தில் இருப்பவன். குழியே சிரிக்கிறது.

காலடியில் பாருங்கள், மரத்தெரு! நோவ்கோரோத்காரர்கள் தெருவுக்குக் கட்டை பாவினார்கள். சேறு ஏற ஏற, பழைய கட்டைகளின் மேலேயே புதியவற்றைப் போட்டார்கள். நெரேவ்ஸ்கி என்ற இன்னொரு களத்தில் இப்படி 28 அடுக்குகள் வெளிவந்தன. மிக அடியில் இருந்தது 953-ஆம் ஆண்டுக் கட்டை. மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் காற்று உள்ளே புகுவதில்லை. மரமும் தோலும் மக்குவதில்லை. பொத்தல் விழுந்த செருப்புகூடத் தையலோடு வருகிறது.

இங்கே எல்லோருடைய கண்ணும் தேடுவது பிர்ச் மரப்பட்டையை. அந்தக் காலத்தில் அதுதான் கடிதத் தாள். மை கிடையாது, எழுத்தாணியால் கீறுவார்கள். சேற்றுக்குள் அது கருத்துச் சுருண்டு கிடக்கிறது. பெரும்பாலான சுருள்களில் ஒன்றுமே இருக்காது. ஆனாலும் ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இதோ, ஒரு பெண் கையைத் தூக்குகிறாள். நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் ஓடிவருகிறார்கள். வெறும் பட்டை. கலைந்து போகிறவர்கள் முகத்தில் அலுப்பே இல்லை.

எழுத்து தெரிந்துவிட்டால் பட்டையை வெந்நீரில் போடுவார்கள். ஊறி இளகியதும் மெல்லிய தூரிகையால் அழுக்கை நீக்கி, மெதுவாகப் பிரித்து, கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்தி வைப்பார்கள். அவசரப்பட்டால் பொடிந்துவிடும்.

முதல் கடிதம் கிடைத்தது 1951 ஜூலை 26, நெரேவ்ஸ்கியில். நீனா அகூலோவா என்ற உள்ளூர்ப் பெண் கட்டைகளின் இடுக்கிலிருந்து அந்தச் சுருளை எடுத்தார். களத்தலைவர் அர்த்தெமி அர்த்சிகோவ்ஸ்கியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருக்குப் பேச்சே வரவில்லையாம். குரல் திரும்பியதும், இருபது வருடமாகக் காத்திருந்தேன் என்றாராம். இன்று நோவ்கோரோத் மண் தந்த கடிதங்கள் 1,100-ஐத் தாண்டிவிட்டன.

என்ன எழுதினார்கள் தெரியுமா? கடன் பாக்கி, மீன், வழக்கு, வீட்டுச் சண்டை! மன்னர்களின் வரலாற்றில் இடம்பெறாதவர்கள் இங்கே வாய் ஓயாமல் பேசுகிறார்கள். நாம் நிற்கும் இதே களத்தில் 1993-இல் ஒரு காதல் கடிதம் கிடைத்தது. மூன்று முறை சொல்லி அனுப்பியும் வராதவனிடம் பதினோராம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தி நியாயம் கேட்கிறாள். அதைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். வாங்கியவன் கோபமா, வெட்கமா என்று குழிக்குள் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. நான் அவள் பக்கம்தான்.

எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஒன்ஃபிம். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிறுவன். ஆறேழு வயது இருக்கலாம். 1956-இல் அவன் பட்டைகள் கிடைத்தன. அகரவரிசை எழுதிப் பழகியவன், இடையிடையே படம் போட்டுத் தள்ளியிருக்கிறான். குதிரைவீரன் ஒருவன், மூர்க்க மிருகம் ஒன்று. அந்த மிருகம் தான்தான் என்று எழுதியும் வைத்திருக்கிறான்! மனிதர்களுக்கு விரல் போடும்போது மட்டும் கணக்கு இல்லை, ஒரு கையில் மூன்று, இன்னொன்றில் வேறு எண்ணிக்கை.

தேநீர் நேரம் முடிந்துவிட்டது. சும்மா நிற்பவர்களைக் குழிக்குப் பிடிக்காது போல, மண் நிறைந்த வாளி ஒன்றை நம் கையில் திணித்துவிட்டார்கள். பிடியுங்கள் ஒரு பக்கம்!