கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

தொழிற்சாலையில் ஒருவர் விரலை இழந்தால், காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். எழுதியதோடு விசாரணையும் முடிந்துபோகிறது; இயந்திரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விபத்துத் தடுப்பையே தன் பணியாகக் கொண்டு நூறாண்டைக் கடந்துவிட்ட பிரிட்டனின் ‘ரோஸ்பா’ என்ற தொண்டு நிறுவனத்தின் கதை, அந்தச் சொல் எவ்வளவு போதாதது என்பதைக் காட்டுகிறது. அந்த நிறுவனமே ஒரு காலத்தில் அந்தச் சொல்லை நம்பியது என்பதால்தான் அதன் வரலாறு நமக்கு முக்கியமாகிறது.

முதல் உலகப் போரின்போது வான்தாக்குதலுக்கு அஞ்சி லண்டனில் தெருவிளக்குகளை மங்கலாக்கியிருந்தார்கள். இருட்டில் சாலை விபத்துகள் பெருகின. 1916 டிசம்பர் 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டரின் காக்ஸ்டன் மண்டபத்தில் இதற்காக ஒரு கூட்டம் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான், பின்னாளில் ரோஸ்பாவாக வளர்ந்த லண்டன் ‘பாதுகாப்பே முதலில்’ கவுன்சில். அதன் முதல் பெரிய முயற்சி மிக எளியது. வாகனங்களுக்கு முதுகைக் காட்டி நடந்தவர்களை, எதிரே வருவது கண்ணில் படும்படி நடக்கவைக்க நடைவிதியை மாற்றச் செய்தது. பாதசாரிகள் வாகனத்தின் குறுக்கே கால்வைத்ததால் நேர்ந்த மரணங்கள் முதல் ஆண்டிலேயே 70 சதவீதம் குறைந்தன என்று நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. இங்கே யாரையும் கூடுதல் கவனசாலியாக மாற்றவில்லை. ஏற்பாட்டைத்தான் மாற்றினார்கள். அதே மனிதர்கள் உயிர் பிழைத்தார்கள்.

1918-இல் தொழிற்சாலைகளுக்கென ஒரு தனிச் சங்கமும் உருவானது. அதற்கு முன்பிருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலைகளில் சுழலும் தண்டுகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் தடுப்பு போடச் சொல்லி 1844-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்க்க 1855-இல் மான்செஸ்டரில் ஆலை முதலாளிகள் ஒரு சங்கமே கூட்டினார்கள். அறுபது ஆண்டுகளில் விபத்தைத் தடுக்கவும் ஒரு சங்கம் வந்தது பெரிய மனமாற்றம்தான். ஆனால் அந்த இயக்கத்துக்கு முதலாளிகளின் ஆதரவு பலமாக இருந்ததால், குற்றம் எப்போதும் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது என்று தொழிற்சங்கங்கள் ஐயப்பட்டன. அந்த ஐயம் நியாயமானது. 1941-இல் ‘ரோஸ்பா’ என்ற பெயரைப் பெற்ற நிறுவனம், போர்க்காலத்தில் டாம் எக்கர்ஸ்லி போன்ற ஓவியர்களைக் கொண்டு அருமையான சுவரொட்டிகளை வெளியிட்டது. கூந்தலைத் தொப்பிக்குள் அடக்கு, கண்ணாடி அணிந்து கண்ணைக் காத்துக்கொள், பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியை அடித்துவிடு. புதிதாக ஆலைக்குள் வந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவை உதவியிருக்கும். இருந்தாலும் எல்லாமே தொழிலாளியைப் பார்த்துச் சொன்னவை. கூந்தலை இழுக்கும் டிரில்லுக்கு மூடி போடாதவரை நோக்கி விரல் நீட்டும் சுவரொட்டிகள் அரிது.

தொழிலாளி அலட்சியமாக இருப்பதே இல்லையா என்று கேட்கலாம். இருப்பதுண்டு. எட்டு மணி நேரம் ஒரே பிரஸ்ஸில் தகட்டை வைத்து எடுக்கும் கை, ஒருமுறையாவது தாமதிக்கும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மனம் அங்கே போகும். அதனால்தான் தடுப்பு வேண்டும் என்கிறேன். தடுப்புக்குத் தூக்கம் வராது. 1974-இல் பிரிட்டன் கொண்டுவந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டம், இந்தப் பொறுப்பை முதன்மையாக வேலை கொடுப்பவர்மேல் வைத்தது. அந்த ஆண்டு அங்கே வேலையில் இறந்த ஊழியர்கள் 651 பேர். 2023-24-இல் சுயதொழில் செய்பவர்களையும் சேர்த்தே 138 பேர். சுரங்கங்களும் உருக்காலைகளும் மூடப்பட்டதால் வந்த குறைவு இது என்று சிலர் சொல்வார்கள். ஒரு பகுதி உண்மைதான். ஆனால் கட்டட வேலை எங்கும் போய்விடவில்லையே, அங்கும் மரணங்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

சட்டம் இருக்கும்போது தொண்டு நிறுவனம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஆய்வாளர் ஒரு பட்டறைக்கு எப்போதாவது வருவார். அவர் போனபிறகு கழற்றிவைத்த தடுப்பை மீண்டும் மாட்டவைப்பது பயிற்சியும் பழக்கமும். அதைக் கற்றுத்தர ஆள் வேண்டும், அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரே பொருத்தமானவர்; அவரிடம்தான் மேஸ்திரி தன் பட்டறையின் குறையை மறைக்காமல் சொல்வார்.

நம் நாட்டிலும் 1966 மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டது. அந்த நாளில் ஆண்டுதோறும் தமிழ்நாட்டு ஆலைகளிலும் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். உறுதிமொழி முடிந்ததும் கலைந்துவிடாமல், நிர்வாகியும் தொழிலாளியும் சேர்ந்து ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் போய், அதன் தடுப்பு இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.